அடையாள அட்டையில் இருந்த முகம்

என்னுடைய அனுபவத்தை எழுதும்படி கேட்டபோது முதலில் தயங்கினேன். நான் ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். படம் கீறுவதற்கு எந்த ஆசிரியரிடமும் போய்ப் படித்ததில்லை. அப்படியிருந்தும் 2011 ஆம் ஆண்டிலிருந்து படம் கீறித்தான் என் வீட்டில் உலை ஏறுகிறது. மகளைப் பல்கலைக்கழகம் வரை படிப்பித்ததும் இந்தத் தொழில்தான். என்னைப்போலப் போரில் துணையை இழந்து, “எனக்கு என்ன தெரியும்?” என்று யோசித்துக்கொண்டிருக்கும் ஒரு சகோதரிக்காவது இது பயன்படட்டும் என்று எழுதத் துணிந்தேன்.

நான் பிறந்தது யாழ்ப்பாணம் வலிகாமத்தில். 1995 ஒக்டோபர் 30 ஆம் திகதி இரவு, ஊரோடு ஊராக நாங்களும் வெளிக்கிட்டோம். அப்போது எனக்குப் பதினான்கு வயது. தென்மராட்சியில் சில மாதங்கள் இருந்துவிட்டு, கிளாலிக் கடலைக் கடந்து வன்னிக்குப் போனோம். அங்கே மரநிழலில் நடந்த வகுப்பில் கொஞ்ச நாள் இருந்தேன். வீட்டுக் கஷ்டத்தால் அதுவும் நின்றது. அம்மாவோடு சேர்ந்து துணிகளில் பூவேலை செய்யத் தொடங்கினேன். அந்த நாட்களில் வன்னிக்குள் பல பொருட்கள் வராது. காபன் தாள் கிடைக்காதபடியால் பூவையும் கொடியையும் பார்த்து நேரே துணியில் பென்சிலால் கீறப் பழகினேன். இதை ஒரு கலை என்று யாரும் சொல்லவில்லை. நானும் நினைக்கவில்லை.

2003 இல் எனக்குத் திருமணம் நடந்தது. அவர் தச்சுவேலை செய்பவர். நிலைக்கதவுகளில் தாமரையும் அன்னமும் கொத்துவார். சின்னப் படமொன்றைப் பெரிய பலகைக்கு மாற்றுவதற்கு அவரிடம் ஒரு முறை இருந்தது. படத்தின் மேல் சின்னச் சின்னச் சதுரங்களாகக் கோடு போடுவார். அதே எண்ணிக்கையில் பலகையில் பெரிய சதுரங்கள் போடுவார். பிறகு ஒவ்வொரு கட்டமாகப் பார்த்துக் கீறுவார். தேத்தண்ணி கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு நான் நின்று பார்ப்பேன். “முழுப் படத்தையும் பாத்தாப் பயம்தான் வரும். ஒரு கட்டத்தை மட்டும் பாரும், கை தானாப் போகும்” என்பார்.

2009 பெப்ரவரியில், புதுக்குடியிருப்புப் பகுதியில் விழுந்த ஷெல்லில் அவர் போய்விட்டார். மகளுக்கு அப்போது நான்கு வயது. அந்த நாட்களைப் பற்றி இங்கே விரிவாக எழுதப்போவதில்லை. இதை வாசிக்கும் பலருக்கு அது தெரியாத கதையல்ல. கலியாண அல்பம் ஏதோ ஒரு பங்கருக்குள் கிடந்துவிட்டது. மே மாதம் வட்டுவாகல் பாலத்தால் வந்தபோது என்னிடம் மிஞ்சியிருந்தது ஒரு பொலித்தீன் பைதான். அதற்குள் பிறப்புச் சான்றிதழ்களும், நிவாரணத்துக்காக எடுத்து வைத்திருந்த எங்கள் இருவருடைய அடையாள அட்டைப் போட்டோக்கொப்பிகளும் இருந்தன. செட்டிகுளம் முகாமில் ஒரு வருடத்துக்குக் கிட்ட இருந்துவிட்டு 2010 இல் கிளிநொச்சி மாவட்டத்துக் காணிக்குத் திரும்பினோம்.

“அப்பாவுக்கு மீசை இருந்ததோ?”

அந்த வருடக் கடைசியில் ஒருநாள், பள்ளிக்கூடத்தால் வந்த மகள் சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் கேட்டாள்: “அம்மா, அப்பாவுக்கு மீசை இருந்ததோ?”

எனக்கு நெஞ்சு திக்கென்றது. ஒன்றரை வருடத்தில் பிள்ளை தகப்பனின் முகத்தை மறந்துவிட்டாள். போட்டோக்கொப்பியை எடுத்துக் காட்டினேன். அதில் கண் இரண்டும் கறுத்த திட்டு. மீசைக்கும் வாய்க்கும் வித்தியாசம் தெரியவில்லை. அவள் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போய்விட்டாள்.

அன்றிரவு அந்தப் படத்தை அடிமட்டத்தால் அளந்தேன். அகலம் சுமார் இரண்டு சென்ரிமீற்றர், உயரம் மூன்றரை. அரைச் சென்ரிமீற்றருக்கு ஒரு கோடு போட்டால் குறுக்கே நான்கு, நெடுக்கே ஏழு, எல்லாமாக 28 கட்டம். ஒரு பெரிய கலண்டர் தாளின் பின்பக்கத்தில் ஐந்து சென்ரிமீற்றருக்கு ஒரு கோடாக 28 கட்டம் போட்டேன். தறப்பாள் கொட்டிலில் குப்பி விளக்கை வைத்துக்கொண்டு ஐந்து இரவுகள் கீறினேன். போட்டோக்கொப்பியில் இல்லாததை என் ஞாபகத்திலிருந்து எடுத்தேன். இடது புருவத்தில் உளி பட்ட தழும்பு, கீழுதட்டின் தடிப்பு, காதோரம் முன்னமே நரைத்த நாலு மயிர். அழுதழுது கீறினேன் என்றுதான் நீங்கள் நினைப்பீர்கள். உண்மையில் கீறும்போது அழுகை வரவில்லை. அந்தக் கட்டத்துக்குள் கோடு எங்கே வளைகிறது என்று பார்ப்பதிலேயே புத்தி நின்றது. 2009 க்குப் பிறகு என் மனம் ஓரிடத்தில் நின்ற முதல் இரவுகள் அவைதான்.

மகள் படத்தை நெடுநேரம் பார்த்தாள். மீசையை விரலால் தொட்டாள். பிறகு கேட்டாள்: “அப்பா ஏன் சிரிக்கேல்லை?”

அடையாள அட்டைக்கு யாரும் சிரிப்பதில்லை. அது அவளுக்கு எப்படித் தெரியும்? இன்னொரு தாள் எடுத்து அவரைச் சிரிக்க வைக்க முயன்றேன். சிரித்தால் வாய் மட்டும் மாறுவதில்லை, கன்னம் உயரும், கண் சுருங்கும் என்பது ஏழெட்டுத் தாளைப் பழுதாக்கிய பிறகுதான் விளங்கியது. அந்தச் சிரித்த படம் இன்றும் எங்கள் வீட்டுச் சுவரில் இருக்கிறது.

பக்கத்துக் காணி அக்கா அதைப் பார்த்தா. அவவின் புருஷனும் அதே வருடம் போனவர். “தங்கச்சி, எங்கட இவருக்கும் ஒண்டு கீறித் தாறியோ?” என்று மங்கிப்போன பஸ் சீசன் படத்தைத் தந்தா. கீறிக் கொடுத்தேன். 2011 தைப்பொங்கலுக்கு முதல்நாள் 200 ரூபாவைக் கையில் திணித்துவிட்டுப் போனா. அந்தக் காசில் ஒரு சித்திரக் கொப்பி, ஒரு 4பி பென்சில், ஒரு அழிறப்பர் வாங்கினேன். என்னுடைய முதலீடு அவ்வளவுதான்.

பழகிய விதம்

தானாகப் படித்தவள் என்று என்னைச் சொல்கிறார்கள். யாரிடமும் படிக்கவில்லை என்பது அதன் அர்த்தமல்ல. கட்டம் போடுவது அவர் தந்தது. பென்சிலை அழுத்தாமல் பிடிப்பது அம்மாவின் பூவேலையிலிருந்து வந்தது. மீதியைப் பிழை விட்டுத்தான் படித்தேன்.

எண்பது பக்கக் கொப்பியொன்றில் முழுக்கக் கண்களை மட்டும் கீறினேன். இன்னொன்றில் மூக்கு. கச்சேரியிலும் ஆஸ்பத்திரியிலும் வரிசையில் நிற்கும்போது மற்றவர்களின் முகங்களைக் கவனித்தேன். தலையின் உச்சியிலிருந்து நாடி வரை அளந்தால் கண்கள் ஏறத்தாழ நடுவில் இருக்கும். பழகாதவர்கள் அதை மேலே தூக்கிக் கீறிவிடுவார்கள். இரண்டு கண்ணுக்கும் இடையில் இன்னொரு கண் அளவு இடைவெளி இருக்கும். காது பொதுவாகப் புருவத்திலிருந்து மூக்கு நுனி வரைக்கும் உள்ள உயரம். படம் சரிவராவிட்டால் மூலப் படத்தையும் தாளையும் தலைகீழாகத் திருப்பி வைத்துப் பாருங்கள். முகம் என்ற நினைப்பு போய்விடும், கோடு மட்டும் தெரியும், பிழை உடனே பிடிபடும்.

2013 இல் ஒரு முன்பள்ளிச் சுவரில் படம் கீறக் கேட்டார்கள். முயலும் மயிலும் கீறி நல்ல பெயர் வாங்கினேன். மாரி முடிந்த கையோடு, சுவர் நன்றாகக் காயாத நிலையில் கீறிவிட்டேன். மூன்று மாதத்தில் மயில் செதில் செதிலாக உரிந்து விழுந்தது. என் செலவில் திரும்பவும் பெயின்ற் வாங்கி, பழையதைச் சுரண்டி, காயவிட்டு, அடிப்பூச்சுப் பூசி மறுபடி கீறினேன். அந்த மாதம் வீட்டில் மரவள்ளிக்கிழங்குதான். ஆனால் அந்தச் சுவரைப் பார்த்த இரண்டு பள்ளிக்கூடங்கள் என்னைக் கூப்பிட்டன.

ஊர்க்கதையும் வந்தது. புருஷன் இல்லாதவள் ஏணியில் ஏறி நிற்கிறாள் என்றார்கள். ஆம்பிளைகளின் முகத்தை உற்று உற்றுப் பார்த்துக் கீறுகிறாள் என்றார்கள். மாமியிடமும் போய்ச் சொன்னார்கள். மாமி ஒன்றுதான் கேட்டா: “அவளுக்கு அரிசி ஆர் குடுக்கிறது, நீங்களோ?” அதற்குப் பிறகு சுவர் வேலைக்குப் போகும் நாட்களில் மகளை மாமிதான் பார்த்துக்கொண்டா.

மாலை போடாத படம்

2014 இல் முல்லைத்தீவுப் பக்கத்திலிருந்து ஒரு அம்மா வந்தா. மகன் 2009 இல் காணாமல் போனவன். அவனுடைய படம் ஒன்றுகூட இல்லை. “நான் சொல்லுறன், நீ கீறு பிள்ளை” என்றா.

என்னால் முடியாது என்றுதான் சொன்னேன். அவ எழும்பவில்லை. மூத்த மகனையும் கடைசி மகளையும் கூட்டிக்கொண்டு அடுத்த நாளும் வந்தா. நெற்றியும் தலைமயிரும் தமையனைப்போல, மூக்கு தங்கச்சியைப்போல, கண் மட்டும் செத்துப்போன தகப்பனைப்போல என்றா. நான் கீற, அவ பார்த்துப் பார்த்துத் திருத்தினா. ஏழு நாள் பிடித்தது.

நான் கேட்டேன்: “அம்மா, இப்ப இருந்தா என்ன வயசோ அப்பிடிக் கீறட்டோ, போன அண்டைய வயசில கீறட்டோ?”

கொஞ்ச நேரம் யோசித்தா. “போன அண்டைய வயசில கீறு. வந்தாப் பிறகு இப்பத்தைய வயசில கீறலாம். மாலை கீலை போட்டிடாத.”

முடிந்த படத்தைக் கையில் வாங்கிப் பார்த்தா. “அவன் மாதிரி இருக்கு. அவன் இல்லை” என்றா. என் முகம் வாடியிருக்க வேண்டும். “கண் சரி பிள்ளை. கண் அவன்ரதான்” என்றா.

காசு வேண்டாம் என்றேன். அவவின் சேலையைப் பார்த்த யாரும் அப்படித்தான் சொல்லியிருப்பார்கள். அவவுக்குக் கோபம் வந்துவிட்டது. “ஏழு நாள் எனக்காக இருந்தனி. சும்மா வாங்கிக்கொண்டு போனா, இதைப் பாக்கிற நேரமெல்லாம் உன்னட்டக் கடன்பட்ட மாதிரித்தான் எனக்கு இருக்கும்.” 500 ரூபாவைக் கதிரையில் வைத்துவிட்டுப் போனா.

அன்றுவரை நான் விலை சொன்னதில்லை. தருவதை வாங்குவேன். துன்பப்பட்ட சனத்திடம் காசு கேட்பது பாவம் என்ற எண்ணம். அந்த அம்மா தன் மரியாதையையும் காப்பாற்றினா, என் உழைப்பையும் மதித்தா. அதற்குப் பிறகு ஒரு ஒழுங்கு வைத்தேன். காணாமல் போனவர்களின் படத்துக்குத் தாளினதும் சட்டத்தினதும் செலவு மட்டும், அதையும் தவணையாகத் தரலாம். வீட்டார் கேட்டாலன்றி மாலையோ விளக்கோ கீறமாட்டேன். மற்ற எல்லா வேலைக்கும் முழு விலை.

2017 பெப்ரவரி 20 ஆம் திகதி கிளிநொச்சிக் கந்தசுவாமி கோயிலடியில் காணாமல் ஆக்கப்பட்டவர்களின் உறவினர்கள் தொடர் போராட்டத்தைத் தொடங்கினார்கள். வெயிலிலும் மழையிலும் பிடித்துக்கொண்டிருந்த படங்கள் மங்கிப்போக, சில தாய்மார் அவற்றைக் கீறித் தரும்படி என்னிடம் கொண்டுவந்தார்கள். அந்தப் படங்களைக் கீறும்போது மட்டும் நான் சிரிக்க வைக்கலாமா என்று ஒவ்வொரு தாயிடமும் முதலில் கேட்பேன். சிலர் ஓம் என்பார்கள். சிலர் வேண்டாம், படத்தில் இருப்பதுபோலவே இருக்கட்டும் என்பார்கள்.

விலையும் பெயரும்

விலை வைப்பது எப்படி என்று பல பெண்கள் கேட்கிறார்கள். நான் செய்வது இதுதான். ஒரு படத்துக்கு எத்தனை மணித்தியாலம் போகிறது என்று கொப்பியில் எழுதுவேன். நடுத்தர அளவுப் பென்சில் படத்துக்குப் பன்னிரண்டு மணித்தியாலம், அதாவது ஒன்றரை நாள் வேலை. எங்கள் ஊரில் ஒரு மேசனுக்கு என்ன நாட்கூலியோ அதைக் கணக்குப் போடுவேன். பெண்ணின் நாட்கூலியை அல்ல. அதோடு தாள், பென்சில், சட்டம், பஸ் காசு. அதற்குமேல் பத்தில் ஒரு பங்கு, பழுதாகும் தாளுக்கு. ஓடர் எடுக்கும்போது பாதி முற்பணம். சொந்தக்காரராக இருந்தாலும் துண்டு எழுதிக் கொடுப்பேன்.

உலகத்தில் என்னைப்போலத் தானாகப் பழகிய பெண் ஓவியர்களைப் பற்றி மகள் வாசித்துச் சொல்வாள். கனடாவில் மோட் லூயிஸ் என்று ஒரு பெண் 1970 வரை வாழ்ந்தார். மூட்டுவாதத்தால் கை கோணிப்போனவர். தாயோடு சேர்ந்து நத்தார் வாழ்த்து அட்டை கீறித் தொடங்கியவர். ஒற்றை அறை வீட்டில் மீன் வியாபாரியான கணவரோடு வாழ்ந்துகொண்டு, வீதியால் போவோருக்குப் படங்களை இரண்டு மூன்று டொலருக்கு விற்றார். ஒரு காலத்தில் உணவகமொன்றில் சாண்ட்விச்சுக்கு மாற்றாகக் கொடுக்கப்பட்ட அவருடைய படமொன்று 2022 இல் 350,000 கனேடிய டொலருக்கு ஏலம் போனது. அவருக்கு அதில் ஒரு சதமும் இல்லை. வயிறு நிறைய வேண்டிய நேரத்தில் விலை கிடைக்க வேண்டும் சகோதரிகளே.

இந்தியாவில் பீகார் மாநிலத்து மிதிலைப் பெண்கள் கலியாண அறைச் சுவர்களில் காலங்காலமாகப் படம் கீறி வந்தவர்கள். 1966 இல் தொடங்கிய கொடிய வரட்சியின்போது, அகில இந்தியக் கைப்பணிச் சபை அவர்களுக்குத் தாளைக் கொடுத்து, சுவரில் கீறுவதைத் தாளில் கீறச் சொன்னது. அதுவே அவர்களுக்கு வருமானம் ஆனது. அவர்களில் ஒருவர் கங்கா தேவி. பிள்ளையில்லை என்று கணவர் வேறு திருமணம் செய்ய, கையில் ஒன்றுமில்லாமல் நின்றவர். 1984 இல் இந்திய அரசின் பத்மஸ்ரீ விருது பெற்றார். புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்ற நாட்களையும், ஆஸ்பத்திரிக் கட்டில்களையும் கூடப் படமாக வரைந்தார். சுவரில் கீறுவது வீட்டு வேலை, தாளில் கீறினால் தொழில். கை ஒன்றுதான். நம்முடைய கோலத்தையும் பூவேலையையும் நாமே ஒருமுறை அப்படிப் பார்க்க வேண்டும்.

பெயர் விடயத்தில் நான் ஒரு தடவை ஏமாந்தேன். ஒரு நிறுவனத்துக்காகக் கீறிய பன்னிரண்டு படங்கள் கலண்டராக வந்தன. என் பெயர் ஓரிடத்திலும் இல்லை. கேட்டபோது, “காசு தந்தாச்சுதானே” என்றார்கள். பிறகுதான் விசாரித்து அறிந்தேன். 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின்படி, வரைந்தவரின் படைப்புக்கு அவருடைய வாழ்நாளும் அதன் பின் 70 வருடங்களும் பாதுகாப்பு உண்டு. எங்கும் பதிவு செய்யத் தேவையில்லை. படைத்தவர் என்று தன் பெயரைப் போடும்படி கேட்பதும் அவருடைய உரிமை. இப்போது எவ்வளவு சின்னப் படமானாலும் கீழே வலதுபக்கம் பெயரும் வருடமும் எழுதுகிறேன். அச்சிடும் வேலையென்றால் எத்தனை பிரதி, என் பெயர் எங்கே வரும் என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்து வாங்கிய பிறகுதான் பென்சிலைத் தொடுவேன்.

இன்று

எல்லாம் நேராக நடந்துவிடவில்லை. சட்டம் போடும் சாமான்கள் வாங்க 2016 இல் கிழமைக் கிழமை கட்டும் நுண்கடன் எடுத்து, படத்துக்கு வாங்கிய முற்பணத்தையெல்லாம் கடனுக்கே கட்டினேன். தோட்டை விற்றுத்தான் அதிலிருந்து மீண்டேன். படத்தொழிலில் காசு கிழமைக்குக் கிழமை வராது. ஆகவே கிழமைக் கடன் அதற்குப் பொருந்தாது. பிறகு தேவைப்பட்டதை ஊர் மாதர் சங்கத்தில் மாதத் தவணைக்கு எடுத்தேன்.

2022 பொருளாதார நெருக்கடியில் வெளிநாட்டுத் தாளும் வர்ணமும் கைக்கெட்டாத விலைக்குப் போயின. மெல்லிய சுள்ளிகளை மூடிய ரின்னுக்குள் அடைத்து அடுப்பில் வைத்து, நானே கரிக்குச்சி செய்து கீறினேன். கரியில் கீறிய முகங்களுக்கு ஒரு தனி ஆழம் இருந்தது. இன்றும் சிலர் அதையே கேட்டு வருகிறார்கள்.

இப்போது ஸ்ரூடியோக்களில் பழைய படத்தைக் கணினியில் நிமிடத்தில் பெருப்பித்துக் கொடுக்கிறார்கள். எனக்கு வேலை குறையும் என்று பயந்தேன். நல்ல படம் உள்ளவர்கள் அங்கே போவது உண்மைதான். ஆனால் கிழிந்த படம், பாதி எரிந்த படம், படமே இல்லாத முகம் என்று வருபவர்களுக்கு யாராவது பக்கத்தில் இருந்து கேட்க வேண்டியிருக்கிறது. அவர்கள் என்னிடம் வருகிறார்கள். சுவர்ப்படமும் சேலை ஓவியமும் மற்ற மாதங்களைக் கொண்டுபோகின்றன. 2019 இல் வீட்டோடு சேர்த்து வடக்குப் பக்க யன்னலோடு ஒரு அறை கட்டினேன். சனிக்கிழமைகளில் ஊர்ப் பெண்கள் ஆறு பேர் வந்து பழகுகிறார்கள். காசு வாங்குகிறேன், கொஞ்சமாக. வாங்காவிட்டால் அவர்கள் நேரத்துக்கு வருவதில்லை.

முதல் நாள் வருபவர்கள் எல்லோரும் ஒன்றையே சொல்வார்கள்: “அக்கா, எனக்கு ஒரு நேர்கோடுகூட வராது.” அவர்கள் முன்னால் ஒரு சின்னப் படத்தை வைத்து, கட்டம் போடச் சொல்லி, ஒரு கட்டத்தைத் தவிர மற்றதெல்லாவற்றையும் தாளால் மூடிவிடுவேன். அந்த ஒரு கட்டத்தை மட்டும் கீறுங்கோ என்பேன். அதைச் சொல்லும்போது யாருடைய குரலில் சொல்கிறேன் என்பது எனக்குத் தெரியும்.

உங்களிடமும் அதைத்தான் சொல்கிறேன். கையில் இருக்கும் வேலை படமாக இருக்க வேண்டும் என்றில்லை. தையலோ, பன்ன வேலையோ, பலகாரமோ, எதுவாயினும் முழுவதையும் பார்த்துப் பயப்படாமல் முதல் கட்டத்தைத் தொடங்குங்கள். செய்த நேரத்தைக் கொப்பியில் எழுதுங்கள். செய்தது நீங்கள்தான் என்று அதன் கீழே உங்கள் பெயரைப் போடுங்கள்.